வாப்பாவின் கண்ணும் செவ்ரோலெட்டின் விளக்கும்

இஸ்மாயிலியா,
நவம்பர் 1994

அன்பு மகள் சுஹைருக்கு,

உன் உம்மா எழுதுவது. உன் மீதும் மருமகன் மீதும் குழந்தைகள் மீதும் அல்லாஹ்வின் கருணை குறைவில்லாமல் இறங்கட்டும். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம், அங்கே அந்தக் குளிரில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எல்லோரும் சுகம் என்று எழுதியிருக்கிறேன் பார், அதில் உன் வாப்பாவும் சேர்த்தி. போன கடிதத்தில் அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. சரக்கை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு விலை பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை என்பது உனக்குத் தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாப்பாவுக்குக் கண் போகவில்லை. போகவும் இல்லை, போய்க்கொண்டிருக்கவும் இல்லை. இருட்டிப்போனது அவர் கண் அல்ல, அந்தக் காரின் விளக்கு. கெய்ரோவில் லேசர் வைக்கக் குறித்திருந்த நாளையும் ரத்து செய்துவிட்டோம். இப்போது உட்கார்ந்து, தேநீர் போட்டுக்கொண்டு, மீதியை நிதானமாகப் படி. போனில் சொல்லலாம் என்று பார்த்தால் பேசுகிறபோதெல்லாம் அவர் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்கிறார், அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியதும் இதில் இருக்கிறது.

உனக்குப் போனில் கிடைத்தது துண்டும் துக்கடாவும்தான், ஆகவே ஆரம்பத்திலிருந்து எழுதுகிறேன். ஸகாஸீக்கில் டாக்ஸி ஓட்டி ஓய்ந்த உஸ்தா அரஃபாவிடமிருந்து வாப்பா அந்த ஐம்பத்தைந்தாம் வருட செவ்ரோலெட்டை வாங்கியபோது, கோழி அடைக்கிற கூண்டை வாங்கி வந்திருக்கிறீர்களா என்று கேட்டவள் நான். அப்படித்தான் இருந்தது அது. என் பாத்திரக் கிடங்கின் பின்பக்கத்தில் அதை நிறுத்திக்கொண்டு அவரும் உன் தம்பி நாதிரும் மல்லுக்கட்டினார்கள். இரும்பு வேலை, எஞ்சின் வேலையெல்லாம் வாப்பா பார்த்தார், ஒயரிங் முழுவதும் நாதிர். பழைய ஒயர் எல்லாம் தொட்டால் தோல் உதிர்கிற நிலையில் இருந்தது, அதனால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பக்கத்தில் போட்டு, அதே நீளத்துக்கு, அதே வளைவுக்குப் புது ஒயர் வெட்டி, அதே இடத்தில் பூட்டினான். வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "பழசு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு, ஒரு இழை மாத்தல" என்று பெருமை பேசுவான். எனக்கும் அதில் மறைவாக ஒரு பெருமைதான், அவன் ஒரு வேலையை முடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வேகம் காட்டுகிற மீட்டருக்குள் எரிகிற குட்டி பல்பு மட்டும் எங்கு தேடியும் கிடைக்கவில்லை, பரவாயில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பல்பு இருந்திருந்தால் இத்தனை கஷ்டம் இருந்திருக்காது, அதைப் பிறகு சொல்கிறேன்.

கார் தயாரானதும் வாப்பா சாயங்காலம் தோறும் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார். ஒரு நாள் தெல் அல்கபீரில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டுத் தனியாகத் திரும்புகிறபோதுதான் முதலில் நடந்தது. வீட்டுக்குள் வந்தவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது. "எதுத்தாப்புல ஒரு லாரி வந்துச்சு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. ரோடு இல்ல, மரம் இல்ல, என் கையே எனக்குத் தெரியல. லாரி போனப்புறம் எல்லாம் திரும்பி வந்துச்சு" என்றார். திரும்பி வந்தபோது முன் சக்கரம் நன்னீர்க் கால்வாயின் கரை மண்ணில் இருந்ததாம். இன்னும் ஒரு முழம் தள்ளியிருந்தால் உனக்கு வேறு மாதிரிக் கடிதம் வந்திருக்கும். நாதிர் மறுநாளே காரைக் குடைந்தான். பேட்டரி பார்த்தான், டைனமோ பெல்ட் பார்த்தான், விளக்குக்குப் போகிற எர்த் ஒயரைச் சுரண்டி மறுபடி முடுக்கினான், விளக்கு சுவிட்ச் சூடேறி அறுத்துக்கொள்கிறதா என்று மணிக்கணக்கில் எரியவிட்டுத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. பிறகு இருட்டின நேரத்தில் அதே ரோட்டில் அவனே ஓட்டிப் பார்த்தான், விளக்கு கண் சிமிட்டக்கூட இல்லை.

அடுத்த தடவை உன் மாமா ஹம்தி பக்கத்தில் இருந்தான். அதேதான், எதிரே ஒரு பஸ், வாப்பாவுக்கு இருட்டு, பஸ் கடந்ததும் வெளிச்சம். ஹம்தியைக் கேட்டால், "எனக்கு என்னக்கா தெரியும், பஸ்காரன் லைட்டு மூஞ்சியில அடிச்சுது, நான் கண்ண மூடிக்கிட்டேன். எனக்கு எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு" என்றான். என் தம்பியின் சாட்சிக்கு எப்போதுமே இவ்வளவுதான் மதிப்பு. ஆனால் அன்றைக்கு நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். நாதிர் ஓட்டினால் வரவில்லை, பட்டறையில் வரவில்லை, பக்கத்தில் இருந்தவனுக்குத் தெரியவில்லை, வாப்பாவுக்கு மட்டும் வருகிறது என்றால் கோளாறு காரில் இல்லை, ஆளில்தான் இருக்கிறது என்று வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகிவிட்டது. அவருக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது. கண் டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். எதிர் வெளிச்சம் பட்டால் இருட்டுவது, வெளிச்சம் விலகினால் மெல்லத் தெளிவது, இதெல்லாம் சர்க்கரை கண்ணுக்குள் இறங்குகிற அடையாளமாக இருக்கலாம் என்றார். கண்ணுக்குப் பின்னால் புள்ளிகள் இருக்கின்றன என்றும் சொன்னார். கெய்ரோவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். நீ டொரோண்டோவில் ஆஸ்பத்திரியில் பேசி இடம் கேட்டதும் அந்த வாரம்தான்.

சுஹைர், அந்த நாட்களைப் பற்றி உனக்கு நான் முழுசாகச் சொல்லவில்லை. வாப்பா கார் சாவியைத் தானாகவே கொண்டுவந்து என் கல்லாப்பெட்டி மேல் வைத்தார். செய்தித்தாள் வாங்குவதை நிறுத்தினார். டொமினோ ஆடப் போகிற காப்பிக்கடைக்குப் போவதில்லை. ஒரு நாள் மதியம் நான் கடையிலிருந்து நினைத்ததற்கு முன்னதாக வந்துவிட்டேன். அவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையால் தடவி ரொட்டியைக் கண்டுபிடித்தார், அவரைப் பருப்புக் கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டு அளந்தார், தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனார், பாதி தாடியில் வழிந்தது. மறுபடி முதலிலிருந்து. பழகிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. நான் சத்தம் காட்டாமல் படியிறங்கி, தெருவில் கொஞ்ச நேரம் நின்று, பிறகு கதவை வேண்டுமென்றே தடால் என்று அடித்துக்கொண்டு உள்ளே வந்தேன். அவர் கண்ணைத் திறந்துகொண்டு, "என்ன இன்ஷிராஹ், கதவு என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார். யுத்தத்தில் கால்வாய் நகரங்களைக் காலி பண்ணி எங்களைத் துரத்தியபோதும் நான் அழவில்லை, திரும்பி வந்து கைவண்டியில் அலுமினியப் பாத்திரம் விற்றபோதும் அழவில்லை. அன்றைக்கு அடுப்படியில் போய் வெங்காயம் நறுக்கினேன். இரவுச் சாப்பாட்டுக்கு வெங்காயம் தேவையே இல்லை.

அப்புறம்தான் உன் கடிதம் வந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற புத்தியோடு கேள்வி கேள்வியாக எழுதியிருந்தாய். எந்த நேரம், சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து, தலை சுற்றியதா, வீட்டுக்குள் இருக்கும்போது எப்போதாவது வந்ததா என்று. கடைசிக் கேள்வியில் நான் நின்றேன். வீட்டுக்குள் வந்ததே இல்லை. டெலிவிஷனில் வெளிச்சம் அடிக்கிறது, நாதிர் வெல்டிங் வைக்கிறான், இருட்டு வரவில்லை. பள்ளிவாசல் மினாரா விளக்கை அண்ணாந்து பார்க்கிறார், வரவில்லை. செவ்ரோலெட்டில் உட்கார்ந்தால் மட்டும் வருகிறது. ஹம்தியின் காரை அவர் ஓட்டியபோது வந்ததா என்று கேட்டேன், யோசித்துவிட்டு இல்லை என்றார். சுஹைர், என் கடையில் ஒருத்தி வந்து இந்தப் பானை ஒழுகுகிறது என்பாள். நான் தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் ஒழுகாது. அதற்காக அவளைப் பொய்க்காரி என்று அனுப்புகிற வியாபாரி நான் இல்லை. நீ வீட்டில் எப்படி அடுப்பில் வைக்கிறாயோ அப்படி என் கண்முன்னால் வைத்துக் காட்டு என்பேன். பார்த்தால் பக்கவாட்டில் பிடித்துச் சாய்ப்பாள், கைப்பிடி ஆணி வழியாக ஒழுகும். உன் தம்பி காரை எத்தனையோ விதமாகச் சோதித்தான், ஆனால் வாப்பாவை உட்கார வைத்துச் சோதிக்கவே இல்லை. எதிரே ஒரு வண்டியை வரவைத்தும் சோதிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பாடும் முடிந்து, கிடங்கின் ஷட்டரை எல்லாம் இறக்கச் சொன்னேன். உச்சி வெயிலிலும் உள்ளே கும்மிருட்டு. காரை ஒரு கோடியில் நிறுத்தி, விளக்கைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, வாப்பாவை ஸ்டீயரிங் பிடிக்க வைத்தோம். அவர் வர மறுத்தார். "எதுக்கு இந்தக் கூத்து, எனக்குத்தான் தெரிஞ்சு போச்சே" என்றார். நான், "ஹாஜியாரே, கெய்ரோ டாக்டர் கேட்டா நான் விவரம் சொல்லணும், வந்து உக்காருங்க" என்று ஏய்த்து உட்கார வைத்தேன். நாதிர் கரண்ட் பார்க்கிற மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்துப் படுத்துக்கொண்டான். நான் இரண்டு கையிலும் இரண்டு பெரிய டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கோடிக்குப் போனேன், அங்கே பானைகள் அடுக்கியிருக்கிற பக்கம். முகத்துக்கு நேரே காரின் இரண்டு விளக்கும் கொளுத்துகின்றன, எனக்குப் பின்னால் பானைகளெல்லாம் பளபளவென்று மின்னுகின்றன. "ரோட்டுல ஓட்டுற மாதிரியே நெனச்சுக்குங்க, நான் லாரி வர்றேன்" என்று கத்தினேன். அங்கிருந்து அவர், "லாரி இவ்வளவு அகலமா இருக்காதுடி" என்றார். எத்தனை நாளைக்குப் பிறகு அவர் வாயில் ஒரு கிண்டல். "வாய மூடிக்கிட்டு ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு டார்ச் இரண்டையும் முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தேன். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை, மெதுவாக நடந்துவிட்டேன் போல. திரும்பிப் போய், இந்த முறை வேகமாக, ஹாரன் மாதிரி வாயால் சத்தம் போட்டுக்கொண்டு ஏறக்குறைய ஓடி வந்தேன், உன் பிள்ளைகள் பார்த்திருந்தால் ஆயுசுக்கும் சிரித்திருப்பார்கள்.

பாதி தூரத்தில் என் முகத்தில் அடித்துக்கொண்டிருந்த வெளிச்சம் செத்துப்போனது. அதே நேரம் காருக்குள்ளிருந்து உன் வாப்பாவின் அலறல், "போச்சு! இதுதான்! இதே இருட்டுதான்!" நான் நின்ற இடத்திலேயே அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன், "எனக்கும் போச்சு ஹாஜியாரே! எனக்கும் போச்சு! லைட்டுதான் போச்சு!" அவருக்கு விளங்கவில்லை. "உனக்கு எப்படிடி போகும்?" என்கிறார். "நான் எதுத்தாப்புல நிக்கிறேன், உங்க லைட்டு அணைஞ்சத நான் பார்த்தேன்" என்றேன். யோசித்துப் பார் மகளே, ரோட்டில் இதைப் பார்க்க முடிந்தவன் எதிரே வந்த லாரிக்காரன் மட்டும்தான். அவன் நின்று வாப்பாவிடம் சொல்லிவிட்டா போவான்? காருக்குள் இருக்கிறவனுக்கு எதிர் வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, மீட்டர் பல்பும் இல்லை, தன் விளக்கு அணைந்ததா தன் கண் அணைந்ததா என்று எப்படித் தெரியும்?

அடியில் படுத்திருந்த நாதிர், "ரெண்டு பேரும் கத்துறத நிறுத்துங்க. வாப்பா, அப்படியே இருங்க, அசையாதீங்க. உங்க இடது கால் எங்க இருக்கு?" என்றான். வாப்பா, "எங்க இருக்கும், என்கூடத்தான் வந்திருக்கு" என்றார். நாதிர் டார்ச்சை வாங்கி அடித்தான். கிளட்சுக்கு இடது பக்கம், தரையோரம், கார்ப்பெட்டின் மேல் வாப்பாவின் செருப்பு அழுத்தி நின்றது. காலை எடுக்கச் சொல்லிவிட்டு, தானே தைத்த கார்ப்பெட்டைக் கத்தியால் கிழித்தான். கீழே சோடா மூடி அளவில் ஒரு இரும்புப் பொத்தான். நாதிர் அதைக் கையால் அழுத்தினான், பானைகள் மின்னின. மறுபடி அழுத்தினான், இருட்டு. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டான். "இது ரெண்டு ஒயர் வந்து சேர்ற பழைய இணைப்புன்னு நெனச்சேன் உம்மா. விளக்கை டிம் பண்றதுக்கு டாஷ்ல தனியா சுவிட்ச் இருந்துச்சு, அதனால இது என்ன ஏதுன்னு நான் அழுத்திக்கூடப் பார்க்கல. இருந்த மாதிரியே பூட்டி மேல கார்ப்பெட் போட்டுட்டேன்" என்றான். திட்டுவதற்கு அவகாசம் பிறகு நிறைய இருந்தது, பிறகு திட்டியும் ஆயிற்று.

வாப்பாதான் விளக்கம் சொன்னார். அந்தக் காலத்தில் அவர் ஓட்டிய லாரிகளிலெல்லாம் டிம் அடிக்கிற பொத்தான் தரையில், அதே இடத்தில்தான் இருக்குமாம். எதிரே வண்டி வந்தால் இடது கால் போய் மிதிக்கும், வண்டி கடந்ததும் இன்னொரு மிதி மிதிக்கும், மூளைக்குச் சொல்லிவிட்டுச் செய்கிற வேலை இல்லை. இத்தனை நாளும் தன் கால் மிதித்ததே அவருக்குத் தெரியாது, குர்ஆன் மேல் கை வைத்து நான் எதையும் தொடவில்லை என்று சொல்லியிருப்பார். லாரி வருகிறபோது இருட்டு, லாரி போனபின் வெளிச்சம், டாக்டர் சொன்ன அடையாளம் அச்சு அசலாகப் பொருந்தியது. நாதிருக்குத் தரைப்பொத்தான் பழக்கமே இல்லை, அவன் கால் ஏன் அங்கே போகப்போகிறது? இதையெல்லாம் சொல்லி முடித்தபின்னும் வாப்பா காரைவிட்டு இறங்கவில்லை. பொத்தானை மிதித்தார், பானைகள் மின்னின, மிதித்தார், இருட்டு, மிதித்தார், மின்னின. தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். சிரிக்கவில்லை. நாதிர் ஷட்டரைத் தூக்கப் போகிறேன் என்று எழுந்து போனவன் நல்ல நேரம் கழித்துத்தான் தூக்கினான், அந்த அளவுக்கு அவனுக்குப் புத்தி இருக்கிறது.

மறுநாள் காலையிலேயே நான் ஸகாஸீக் கிளம்பினேன், அந்த அரஃபாவை உலுக்கி எடுக்காமல் எனக்குச் சோறு இறங்காது. வாப்பாவும் நாதிரும் கூட வந்தார்கள், சண்டையை விலக்கவாம். ஆள் மொட்டை மாடியில் புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். நான் பொத்தானைப் பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "கண்டுபிடிச்சிட்டீங்களா? நான்தான் ஹாஜியம்மா போட்டேன், என் கையால போட்டது. டிம்மை மேல டாஷுக்குக் கொண்டுபோயிட்டு, தரைப்பொத்தான்ல முழு விளக்கும் அணையிற மாதிரி மாத்தினேன்" என்றார். எதற்கு இந்த வேலை என்றேன். "மரியாதைக்கு! எதுத்தாப்புல ஒரு மனுஷன் வர்றான், அவன் மூஞ்சியில வெளிச்சத்த அடிக்கிறதும் காறித் துப்புறதும் ஒண்ணுதான். அணைச்சு வழி விடணும். ஒரு கை ஸ்டீயரிங்ல இருக்கு, ஒரு கையில சிகரெட் இருக்கு, மிச்சம் இருக்கிறது காலுதானே?" என்றார். உடனே வாப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அணைக்கிறது டாக்ஸிக்காரன் பழக்கம். லாரிக்காரன் டிம்மோட நிறுத்திக்குவான், எங்களுக்குப் பொண்டாட்டி பிள்ளை இருக்கு" என்றார். அரஃபா விடுவாரா, வாப்பாவைப் பார்த்து, "அதனாலதான் உஸ்தா ஸாபிர், உங்க லாரியெல்லாம் வர்றப்போ நாங்க எங்க லைட்ட அணைச்சிட்டு அல்லாவ நெனச்சுக்குவோம்" என்றார். காரை விற்கும்போது இதை ஏன் சொல்லவில்லை என்று நான் நடுவில் புகுந்தேன். "வீட்ட விக்கிறவன் கதவு எந்தப் பக்கம் தொறக்கும்னு சொல்லியா தருவான்? ஓட்டத் தெரிஞ்சவனுக்குக் கால் வச்சா தெரியாதா?" என்கிறார். அந்த இருட்டில் ரோடு எப்படித் தெரியும் என்று நாதிர் கேட்டான். "அதுக்குத்தானே தம்பி கண்ணக் குடுத்திருக்கான்" என்றார் அரஃபா. வாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் புறாக்களெல்லாம் எழும்பிப் பறந்தன. நான் கொண்டுபோன சண்டை என் கையிலேயே இருந்துவிட்டது. கிளம்பும்போது இரண்டு ஜோடிப் புறா கொடுத்தனுப்பினார், அரிசி அடைத்துப் பொரித்தோம், ஆள் எப்படியோ, புறா நல்ல புறா.

கண் டாக்டரிடமும் போனோம், அதை விடவில்லை. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நாம் சொன்ன கதையை வைத்துத்தானே அவர் கணக்குப் போட முடியும், கதையே தப்பு. விஷயத்தைக் கேட்டுவிட்டு மேசையில் கைதட்டிச் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு மருந்து விட்டு வெகுநேரம் பார்த்தார். புள்ளி இருப்பது உண்மைதானாம், ஆனால் சொற்பம், ஓரத்தில் இருக்கிறது, இப்போதைக்கு லேசர் வேண்டாம், அரை வருஷம் கழித்து மறுபடி காட்டுங்கள் என்றார். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் அடுத்த முறை காரின்மேல் பழி போட முடியாது என்றும் வாப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். ஆகவே பயம் முழுக்கப் போய்விட்டது என்று நான் எழுதமாட்டேன், மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒரு சிறு பையைக் கையில் பிடித்திருக்கிறேன், அவ்வளவுதான். டாக்டர் வீட்டிலிருந்து திரும்புகிற வழியிலேயே பஸ்பூசா இனிப்புக் கடைப் பக்கம் காரைத் திருப்பினார் உன் வாப்பா. நான் கதவைத் திறக்கவே விடவில்லை.

நாதிர் பொத்தானைச் சரியாக டிம்முக்கு மாற்றிவிட்டான். இருந்த மாதிரியே பூட்டினேன் என்கிற பெருமையை இப்போது யாரிடமும் பேசுவதில்லை, யாராவது பழைய வண்டி கொண்டுவந்தால் முதலில் வண்டியை இதுவரை வைத்திருந்தவர் யார், எப்படி ஓட்டினார் என்று விசாரிக்கிறான். நல்ல முன்னேற்றம். அவனுக்குப் பெண் பார்க்கிற பேச்சை மறுபடி எடுத்திருக்கிறேன், முடிவானால் எழுதுகிறேன், நீ அதற்குள் அவனிடம் வாய்விட்டுவிடாதே. உனக்கும் ஒன்று, அந்தப் பெரிய வீட்டை வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். பனி விழுகிற மாதத்தில் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடு, வெயிலில் எந்த வீடும் நன்றாகத்தான் தெரியும். விற்கிறவன் எதை மெழுகிப் பூசியிருக்கிறான் என்று பார், எதைச் சொல்லவில்லை என்று கேள். சின்னவனுக்கு அரபி பேச வராவிட்டால் அவன் வாப்பாவைத் திட்டாதே, நீ பேசு, தானாக வரும். காய்ந்த முலூகிய்யாக் கீரையும் பாமியா வெண்டைக்காயும் பக்கத்து வீட்டுப் பெண் வரும்போது கொடுத்தனுப்புகிறேன்.

நேற்று ஹம்தி வீட்டுக்கு ஃபாயிதுக்குப் போய்விட்டு மஃரிப் தொழுது இருட்டியபின் திரும்பினோம். நானும் வாப்பாவும் மட்டும். சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். ஏரிக்கரை ரோட்டில் முதல் லாரி எதிரே வந்தபோது என் கை தானாகக் கதவுப் பிடியைப் பிடித்துக்கொண்டது. வாப்பாவின் கால் போனது, விளக்கு தணிந்தது, ரோடு இருந்த இடத்திலேயே இருந்தது, லாரி போனது. அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது, நான் விட்டது அவருக்குக் கேட்டிருக்கும். அப்புறம் அவர் படிக்க ஆரம்பித்தார். ரோட்டோரம் இருக்கிற பலகையெல்லாம் ஒன்றுவிடாமல் சத்தமாக. "முட்டை மொத்த வியாபாரம்." "பஞ்சர் ஒட்டப்படும்." "இங்கே குப்பை கொட்டுறவன் கழுதை." முன்னால் போன லாரியின் பின்கதவில் எழுதியிருந்ததை, "கண்ணு போடாத தம்பி, கடன் இன்னும் முடியல" என்று ராகம் போட்டு வாசித்தார். வாய் வலிக்காதா, ரோட்டைப் பாருங்கள் என்றேன். "ரோட்டத்தான் பார்க்கிறேன், அதுலதான் எழுதியிருக்கு" என்றார். கொஞ்ச தூரம் போனதும் பலகைகள் குறைந்தன, அவர் பேச்சும் நின்றது. எனக்கு என்னவோ அது பிடிக்கவில்லை. தூரத்தில் ஒரு பலகை தெரிந்தது, டயர் கடை என்று எனக்கு நன்றாகவே தெரிகிறது, ஆனாலும், "அது என்னங்க எழுதியிருக்கு? எனக்குச் சரியா தெரியலையே" என்று கேட்டேன். படித்துச் சொன்னார். அடுத்ததையும் கேட்டேன், சொன்னார். அதற்கடுத்ததையும் கேட்டேன். இஸ்மாயிலியா வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தேன். வீட்டு வாசலில் காரை நிறுத்தியதும் என் பக்கம் திரும்பி, மெய்யான கவலையோடு, "இன்ஷிராஹ், அந்த டாக்டர்கிட்ட உன் கண்ண ஒரு தடவ காட்டணும்டி" என்றார்.

அல்லாஹ் உங்கள் வீட்டில் நோயை நுழையவிடாமலும் வந்த விருந்தை வெறும் வயிற்றோடு திருப்பாமலும் காக்கட்டும். உன் கையில் எடுத்தது பெருகட்டும். பிள்ளைகளுக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம், மருமகனுக்கு என் சலாம். டொரோண்டோ ஆஸ்பத்திரியில் கேட்ட இடம் வேண்டாம் என்று சொல்லிவிடு, ஆனால் டிக்கெட்டை விடாதே, வாப்பா பேரப்பிள்ளைகளைப் பார்க்க வருவார். அரை வருஷம் கழித்து டாக்டரிடம் போக வேண்டியதை நீ போனில் அவருக்கு ஞாபகப்படுத்து, நான் சொன்னால் எனக்குத்தான் கண் சரியில்லை என்பார்.

இப்படிக்கு,
உன்னை நெஞ்சில் வைத்திருக்கும் உம்மா,
இன்ஷிராஹ்